புது நைட்ரோ இன்ஜினின் முதல் டேங்குகள்: கோளாறு எது, இயல்பு எது

ரிமோட்டில் ஓடும் ஆர்சி வண்டிகளின் புது நைட்ரோ இன்ஜினைப் பிரேக்-இன் செய்யும்போது, அதாவது முதல் சில டேங்க் எரிபொருளை மெதுவாக ஓட்டிப் பழக்கும்போது, வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை கோளாறுகளே அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கையால் சுழற்றினால் ஓரிடத்தில் வந்து இறுகி நிற்பது, ஐடிலில் தடுமாறுவது, சைலன்சர் வழியாக எண்ணெய் சொட்டுவது, திராட்டில் கொடுத்தால் உடனே எழும்பாமல் முனகிக்கொண்டே மெதுவாக எழும்புவது ஆகிய எல்லாமே இன்னும் பழகாத இன்ஜினின் இயல்பான நடத்தைதான். இவற்றைக் கோளாறு என்று எண்ணி, எரிபொருளின் அளவை மாற்றும் திருகான நீடிலைத் திருகத் தொடங்குபவர்கள், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து உண்மையான நோயை வரவழைத்துக்கொள்கிறார்கள். அதே சமயம், காற்றுக் கசிவு, பழுதான குளோ பிளக் (எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்), ஈரம் ஏறிய எரிபொருள் போன்ற உண்மையான கோளாறுகளை "புதுசுதானே, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவதும் அதே அளவுக்கு நடக்கிறது. இரண்டையும் பிரித்தறிவதற்கு இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாகத் தாமே விளங்கும்.

ஆர்சி கார்களிலும் டிரக்குகளிலும் வரும் நைட்ரோ இன்ஜின்கள் அநேகமாக எல்லாமே ஏபிசி (அலுமினியம், பித்தளை, குரோமியம்) அல்லது அதை ஒட்டிய அமைப்பு கொண்டவை. பிஸ்டன் சிலிக்கான் அதிகம் கலந்த அலுமினியம். அது ஏறி இறங்கும் ஸ்லீவ், உட்புறம் குரோமியம் பூசிய பித்தளை. பெரிய வண்டிகளின் இன்ஜினில் இருப்பதுபோல இதில் பிஸ்டன் ரிங் கிடையாது. எரியும் வாயுவின் அழுத்தத்தைக் கீழே கசியவிடாமல் பிடித்து நிறுத்துவது இரண்டு உலோகங்களும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் நெருக்கம் மட்டுமே. அந்த நெருக்கத்துக்காகவே ஸ்லீவை நேரான குழாயாகச் செய்யாமல், மேலே போகப் போகக் கண்ணுக்குத் தெரியாத அளவு குறுகும்படி கடைகிறார்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் வழி போதாமல் இறுகுகிறது. ஓடிச் சூடேறிய பிறகு, எரிதலுக்கு மிக அருகில் இருக்கும் ஸ்லீவின் மேற்பகுதி மற்ற இடங்களைவிட அதிகமாக விரிந்து, குறுகலாக இருந்த குழாய் ஏறக்குறைய நேராகிவிடுகிறது. பிஸ்டனும் ஸ்லீவும் ஒன்றுக்கொன்று சரியான அளவில் இருப்பது அந்தச் சூட்டில்தான்.

ஆகவே, பிரேக்-இன் என்றால் இரண்டு உலோகப் பரப்புகளும் ஓடும் சூட்டில் ஒன்றையொன்று உரசி மெருகேறுவது. குளிர்ந்த நிலையில் உரசினால் மெருகேறாது, தேயும். ஸ்லீவின் உச்சியில் இருக்க வேண்டிய இறுக்கம் வீணாகத் தேய்ந்து போவதோடு, ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனை அந்த இறுக்கத்துக்குள் தள்ளி மீண்டும் வெளியே இழுக்கும் வேலை முழுவதும் கனெக்டிங் ராடின் தலையிலும், அதன் கீழ்முனையில் கிராங்க் பின்னைப் பற்றியிருக்கும் சிறிய வெண்கல புஷ்ஷின் மீதும் விழுகிறது. சில டேங்குகள் ஓடியதுமே ராடு முறிந்துபோன இன்ஜின்களைப் பற்றிக் கேள்விப்படும்போது, அது குளிர்ந்தே ஓடியதா என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

பலரும் நம்புகிற ஓர் அறிவுரை இங்கேதான் தவறாகப் போகிறது. "பிரேக்-இன்னில் எவ்வளவு ரிச்சாக ஓட்டினாலும் நல்லது, எண்ணெய் அதிகம் போகும், இன்ஜின் பாதுகாப்பாக இருக்கும்" என்பார்கள். ரிச் என்றால் கலவையில் காற்றுக்குத் தேவையானதைவிட எரிபொருள் அதிகம், லீன் என்றால் குறைவு. எரிபொருளிலேயே எண்ணெய் கலந்திருப்பதால், எண்ணெய் அதிகம் போவது உண்மைதான். ஆனால் நைட்ரோ எரிபொருளின் பெரும்பகுதி மெத்தனால். திரவ மெத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிடச் சுமார் 3 மடங்கு வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். தேவைக்கு மேல் போகும் ஒவ்வொரு துளியும் இன்ஜினை உள்ளிருந்தே குளிர வைக்கிறது. புகையை அள்ளிக் கக்கிக்கொண்டு, ஹெட் (இன்ஜினின் மேல்மூடி) 60, 65 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் ஒரு டேங்க் முழுவதும் ஸ்டாண்டில் ஐடிலில் நின்ற இன்ஜின், எண்ணெயில் குளித்துக்கொண்டே தேய்ந்திருக்கிறது. ரிச்சாக இருக்கலாம், ஆனால் குளிரக் கூடாது. தயாரிப்பாளரின் கையேடு தனியாக ஓர் அளவைச் சொல்லியிருந்தால் அதுவே இறுதி. சொல்லவில்லை என்றால் ஹெட்டின் வெப்பம் 95 முதல் 105 டிகிரி வரை இருக்குமாறு பார்த்துக்கொள்வது பிரேக்-இன்னுக்கு ஏற்ற அளவு.

இதற்கு இரண்டு எளிய வழிகள் உண்டு. முதலாவது, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஹேர் டிரையர் அல்லது ஹீட் கன் கொண்டு இன்ஜினைச் சூடேற்றுவது. எரிபொருள் டியூப், டேங்க், கார்புரேட்டரின் பிளாஸ்டிக் பாகங்கள் ஆகியவற்றின் மீது சூடான காற்று நேரே படாமல், கிராங்க்கேஸும் (இன்ஜினின் கீழ்க்கூடு) ஹெட்டும் சீராகச் சூடேற வேண்டும். எரிபொருளை டேங்கில் ஊற்றுவது இதற்குப் பிறகுதான். மெத்தனால் ஆவிக்குப் பக்கத்தில் ஹீட் கன்னைக் கொண்டுபோவது ஆபத்து. கிராங்க்கேஸைத் தொட்டால் விரலை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சூடு வந்த பிறகு ஃப்ளைவீலைக் கையால் சுழற்றிப் பாருங்கள்; சற்று முன்பு அசைய மறுத்த அதே இன்ஜின் இப்போது உச்சியைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போகும். அந்த ஒரு சுழற்சியிலேயே மேலே சொன்ன விளக்கம் முழுவதையும் விரல்களால் உணர்ந்துவிடலாம். இரண்டாவது வழி, ஓடும்போது ஹெட்டின் துடுப்புகளில் ஒரு பகுதியை அலுமினியத் தாளால் சுற்றி வைப்பது. கலவையை லீன் செய்யாமலேயே வெப்பத்தைத் தேவையான அளவுக்கு உயர்த்த இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. வெப்பம் மிகுந்தால் தாளை எடுத்துவிட்டால் போதும்.

வெப்பமானியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளப்பான அலுமினியத்தின் மீது காட்டினால், உள்ளதைவிடக் குறைவான அளவையே அது காட்டும். பளபளப்பான உலோகம் வெப்பத்தைக் குறைவாகவே கதிர்வீசும். குளோ பிளக் இருக்கும் குழிக்கு நேர்மேலே, அருகில் பிடித்து அளக்க வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் அளப்பது, துல்லியமான எண்ணைவிட முக்கியம். கருவி இல்லாதவர்கள் ஹெட்டின் மீது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம்: பட்டவுடன் சீறி மறைந்தால் சூடு அதிகம், சில விநாடிகள் கொதித்து மறைந்தால் சரி, கொதிக்காமல் அப்படியே கிடந்தால் இன்ஜின் குளிர்ந்திருக்கிறது.

இனி, வரும் தொல்லைகளை அவை வரும் வரிசையிலேயே பார்க்கலாம்.

இன்ஜின் சுற்றவே மறுத்தால், காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: இயல்பான இறுக்கம், உள்ளே தேங்கிய எரிபொருள், உண்மையான பழுது. மூன்றையும் கையின் உணர்விலேயே பிரித்துவிடலாம். குளோ பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைச் சுழற்றிப் பாருங்கள். அப்போதும் உச்சியில் மட்டும் இறுகி, மற்ற இடங்களில் தடையின்றிச் சுற்றினால் அது இயல்பான இறுக்கம், சூடேற்றினால் தீரும். பிளக்கைக் கழற்றியதும் சுலபமாகச் சுற்றி, துளை வழியாக எரிபொருள் பீய்ச்சி அடித்தால், இன்ஜின் வெள்ளமாகியிருக்கிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் பிளக் இருந்தபோது பிஸ்டனால் மேலே வர முடியவில்லை. வண்டியைக் கவிழ்த்து, துளையின் மீது ஒரு துணியைப் போட்டுச் சில முறை சுழற்றி, உள்ளே இருப்பதை வெளியேற்றிவிடலாம். பீய்ச்சும் எரிபொருள் கண்ணில் பட்டால் மிகவும் ஆபத்து, ஆகவே துணியில்லாமல் இதைச் செய்ய வேண்டாம். உச்சியில் மட்டுமல்லாமல் எல்லா இடத்திலும் கரகரவென்று தடுத்தாலோ, ஒரே ஓர் இடத்தில் உலோகம் உலோகத்தில் இடிப்பதுபோல நின்றாலோ, அதுதான் உண்மையான பழுது. அந்த நிலையில் பலத்தைக் காட்டாமல் பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும்.

புல் ஸ்டார்ட்டர் உள்ள இன்ஜின்களில், இறுகிய நிலையில் கயிற்றை வேகமாக இழுத்து, கயிற்றையோ உள்ளிருக்கும் ஒருவழி பேரிங்கையோ கெடுத்துக்கொள்வது மிகவும் பொதுவானது. குளோ பிளக்கை அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை தளர்த்தி, அழுத்தத்தைச் சிறிது கசியவிட்டுச் சில முறை இழுத்து, இன்ஜின் இளகியதும் மீண்டும் இறுக்கிக்கொள்ளலாம். கயிற்றை அதன் முழு நீளத்துக்கும் இழுக்காமல் குட்டையாகவும் விரைவாகவும் இழுக்க வேண்டும்.

இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால், நீடிலை மறந்துவிட்டு முதலில் குளோ பிளக்கைப் பாருங்கள். கழற்றிய பிளக்கை, அதைச் சூடாக்கும் பேட்டரிக் கருவியான இக்னைட்டரில் பொருத்தினால் அதன் கம்பிச் சுருள் உடனடியாகப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். மங்கிய சிவப்பாக இருந்தால் இக்னைட்டரின் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பிளக் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடப்படும் பல பிளக்குகள் உண்மையில் பேட்டரியின் குறைக்காகப் பலியானவை. ஒளியே வரவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது. ஒளிரும் பிளக்கை எரிபொருள் குப்பியின் அருகில் கொண்டுபோகக் கூடாது. மெத்தனாலின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

பிளக் நன்றாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது எரிபொருள். டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் டியூப் ஒளி ஊடுருவும் சிலிக்கானாக இருப்பது இதற்காகத்தான். சைலன்சரின் வாயை விரலில் ஒரு துணியைச் சுற்றி அடைத்துக்கொண்டு சில முறை சுழற்றினால், டேங்கில் அழுத்தம் ஏறி, எரிபொருள் டியூப்பில் முன்னேறி வருவதைப் பார்க்கலாம். அது கார்புரேட்டரை எட்டியவுடனே விரலை எடுத்துவிட வேண்டும். தொடர்ந்தால் மேலே சொன்ன வெள்ளம்தான். எரிபொருள் நகரவே இல்லை என்றால் டேங்க் மூடியின் ரப்பர் வளையம், சைலன்சரிலிருந்து டேங்குக்கு வரும் அழுத்தக் குழாய், வழியிலுள்ள ஃபில்டர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அடைத்தோ கசிந்தோ இருக்கிறது.

பற்றி ஓடுகிறது, ஆனால் இக்னைட்டரை எடுத்த மறுகணமே நின்றுவிடுகிறது என்பது பிரேக்-இன்னில் அதிகம் கேட்கப்படும் குறை. குளோ பிளக் எப்படி வேலை செய்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். இக்னைட்டர் தொடக்கத்துக்கு மட்டும்தான். அதன் பிறகு சுருளிலுள்ள பிளாட்டினம் வினையூக்கியாக நின்று மெத்தனாலை வினைபுரிய வைப்பதாலும், முந்தைய எரிதலின் சூட்டாலும்தான் சுருள் தொடர்ந்து ஒளிர்கிறது. கலவை மிக ரிச்சாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் குளிர்ந்த திரவம் சுருளை நனைத்து அணைத்துவிடுகிறது. புது இன்ஜினில் இதை முதல் டேங்கின் இயல்பாகவே எடுத்துக்கொள்ளலாம். இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை இக்னைட்டரைச் சற்று நேரம் வைத்திருப்பதிலோ, ஐடிலைச் சிறிது உயர்த்துவதிலோ தவறில்லை. சூடேறிய பிறகும் தொடர்ந்து நின்றால், முதலில் வேறு ஒரு புதிய பிளக்கைப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகே லோ ஸ்பீடு நீடிலை (ஐடிலில் போகும் எரிபொருளின் அளவை மாற்றும் நீடில்) தொடுங்கள்.

நீடிலைத் தொடுவதற்கும் ஒரு முறை உண்டு. வலப்பக்கம் திருகினால் லீன், இடப்பக்கம் திருகினால் ரிச். ஒரு நேரத்தில் ஒரு நீடில் மட்டும், அதுவும் ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். திருகியதும் பலனைத் தீர்மானித்துவிடாமல், சற்று ஓட்டி, தேங்கிய எரிபொருளை வெளியேற்றி, வெப்பம் நிலைபெற்ற பிறகு பார்க்க வேண்டும். தொடங்கிய இடம் எது என்று ஒரு தாளில் குறித்து வைப்பது அவசியம். இரண்டு நீடில்களையும் ஐடில் திருகையும் மாறி மாறித் திருகிவிட்டு எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போனால், கையேட்டில் உள்ள தொழிற்சாலை அளவுக்கே திரும்பிப் போய்த் தொடங்குவதுதான் வழி.

இப்போது, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றும் கோளாற்றுக்கு வருகிறேன்: திராட்டிலை விட்ட பிறகும் ஐடில் இறங்காமல் உயரத்திலேயே தொங்கிக்கொண்டிருப்பது. இதுவரை சொன்னவை பெரும்பாலும் ரிச் பக்கத்துத் தொல்லைகள். அவை எரிச்சலூட்டும், ஆனால் இன்ஜினைக் கொல்லாது. ஐடில் தொங்குவது லீன் பக்கத்தின் அடையாளம், ஆகவே அதைக் கண்டவுடன் நிறுத்த வேண்டும். எரிபொருள் டியூப்பைக் கிள்ளியோ சைலன்சரின் வாயைத் துணியால் அடைத்தோ நிறுத்திவிடலாம். வெறும் விரலை வைத்தால் சுட்டுவிடும்.

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கார்புரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். ரிமோட் ரேடியோவில் திராட்டில் விட்ட நிலையில் இருக்கும்போது உள்ளேயுள்ள கதவு ஏறக்குறைய மூடி, ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத இடைவெளி மட்டும் தெரிய வேண்டும். அதிகமாகத் திறந்திருந்தால், கதவை இயக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் இணைப்புக் கம்பியோ, ரேடியோவில் அதை நுணுக்கமாகச் சரிசெய்யும் டிரிம்மோ கதவை முழுவதும் மூடவிடவில்லை, இன்ஜினில் குற்றமில்லை. கதவு சரியாக மூடினால், லோ ஸ்பீடு நீடிலை எட்டில் ஒரு சுற்று ரிச் பக்கம் திருப்பி மீண்டும் பாருங்கள். ஐடில் ஒழுங்காக இறங்கத் தொடங்கினால் அது வெறும் அமைப்புப் பிரச்சினை. எவ்வளவு திருப்பினாலும் ஒருமுறை இறங்கி ஒருமுறை தொங்கி, சொன்ன பேச்சைக் கேட்காமல் நடந்துகொண்டால், கார்புரேட்டரின் வாய் வழியாக வராத காற்று வேறு எங்கிருந்தோ உள்ளே போகிறது.

அந்தக் காற்று புகும் இடங்கள் அதிகம் இல்லை. கார்புரேட்டர் கிராங்க்கேஸில் அமரும் கழுத்திலுள்ள ரப்பர் வளையம், பின்மூடியின் கேஸ்கெட், நீடில்களின் சிறிய வளையங்கள், டியூப்பின் நுனிகளில் ஊசி முனையளவு கிழிசல், குளோ பிளக்கின் செம்பு வாஷர், டேங்கின் மூடி, இவ்வளவுதான். ஓடும்போது டியூப்பை உற்றுப் பாருங்கள்: எப்போதோ ஒரு குமிழி வருவது பொருட்டல்ல, மணிகளைக் கோத்ததுபோலக் குமிழிகள் இடைவிடாமல் வந்தால் கசிவு கார்புரேட்டருக்கு முன்னாலேயே, டேங்கிலோ டியூப்பிலோ இருக்கிறது. டேங்கைத் தனியாகக் கழற்றி, ஒரு குழாயை அடைத்து மற்றொன்றின் வழியாகக் காற்றை ஊதித் தண்ணீரில் அமிழ்த்தினால், கசியும் இடம் தானே காட்டிக்கொடுக்கும். டியூப்பில் குமிழியே இல்லாமல் ஐடில் மட்டும் தொங்கினால், கார்புரேட்டரின் கழுத்தையும் பின்மூடியையும் சந்தேகிக்க வேண்டும். அங்கே திருகுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்கி, தேவைப்பட்டால் வெப்பம் தாங்கும் சிலிக்கான் சீலன்ட்டை மெல்லிய படலமாகப் பூசி ஓர் இரவு உலரவிடலாம். புது இன்ஜினில் கசிவு இருக்காது என்று எண்ணிவிடக் கூடாது. முதல் சில முறை சூடாகிக் குளிரும்போதுதான் திருகுகள் தளர்கின்றன. ஒவ்வொரு டேங்குக்குப் பிறகும் எல்லாத் திருகுகளையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

திடீரென்று சத்தம் கூர்மையாகி, சைலன்சரின் புகை மெலிந்து, வெப்பம் ஏறிக்கொண்டே போனாலும் இதே கதைதான்: உடனே நிறுத்தி, குளிரவிட்டு, எரிபொருள் வரும் வழி முழுவதையும் பார்க்க வேண்டும். இங்கே ஒரு காரணம் மட்டும் எளிதில் கண்ணில் படாது. டேங்கின் அடிமட்டம் நெருங்கும்போது எரிபொருளின் அழுத்தம் குறைந்து கலவை தானாகவே லீன் ஆகும். முதலில் ஒழுங்காக ஓடிய இன்ஜின் டேங்க் தீரும் நேரத்தில் கத்தத் தொடங்குவது அதனால்தான். பிரேக்-இன் காலத்தில் டேங்கைக் கடைசிச் சொட்டுவரை தீரவிடாமல், கால் பங்கு இருக்கும்போதே நிறுத்திவிடுவது நல்ல பழக்கம்.

கழற்றிய பிளக் இன்னும் பல செய்திகளைச் சொல்லும். நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் ஓர் உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பாருங்கள். சுருள் புதியதுபோலப் பளபளத்து, எண்ணெயில் நனைந்திருந்தால் கலவை ரிச். சுருள் சாம்பல் நிறத்தில் மங்கலாக, பனி படிந்ததுபோல இருந்தால் சூடு ஏறியிருக்கிறது. சுருள் கோணி நெளிந்திருந்தால், லீன் கலவையோ அளவுக்கு மீறிய அழுத்தமோ காரணம். பிரேக்-இன்னின்போது சுருளின் மீது மிகச் சிறிய உலோகத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருப்பதையும் காணலாம். பிஸ்டனும் ஸ்லீவும் மெருகேறும்போது உதிர்பவை அவை; அதனால் பயம் வேண்டாம். ஆனால் துணுக்கு ஒட்டிய பிளக் நம்பத்தகுந்ததல்ல, காரணமே தெரியாமல் நின்றுபோகும் இன்ஜின்களில் பாதி நேரம் குற்றவாளி அதுவே. ஆகவே பிரேக்-இன் முடிந்ததும், நன்றாக ஒளிர்ந்தாலும்கூட, பிளக்கை மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு டேங்குக்கும் இடையில் இன்ஜின் முழுமையாகக் குளிர வேண்டும். நிறுத்திய உடனே, சூடு ஆறுவதற்குள், பிஸ்டனை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ஸ்லீவ் குளிர்ந்து சுருங்கினால், அந்தக் குறுகல் பிஸ்டனை இறுகப் பற்றிக்கொள்ளும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்வது கடினமாவது மட்டுமின்றி, அந்த நெருக்கமும் வீணாகும். பிளக்கைக் கழற்றிய நிலையில் ஒருமுறை அடிமட்டத்தைக் கண்டுபிடித்து, ஃப்ளைவீலில் அதற்கு ஓர் அடையாளக் கோடு போட்டுவிட்டால் பிறகு தேட வேண்டியதில்லை.

எத்தனை டேங்க் என்று பலரும் கேட்பார்கள். கையேடு சொல்லும் எண்ணிக்கையைக் குறைக்காமல் பின்பற்றுவதோடு, இன்ஜின் காட்டும் அடையாளங்களையும் பார்க்கச் சொல்வேன். முதல் டேங்குக்குப் பிறகு ஸ்டாண்டிலேயே வைத்திருக்காமல், பாதித் திராட்டிலுக்கு மேல் போகாமல் தரையில் மெதுவாக ஓட்டுவதுதான் என் விருப்பம். சுமை இருந்தால்தான் இன்ஜின் சரியான சூட்டில் நிற்கும். சுமையே இல்லாமல் ஸ்டாண்டில் திராட்டிலை முழுவதும் அழுத்தி அலறவிடுவது கனெக்டிங் ராடுக்கு மிகக் கெடுதி. நாளாக ஆக, குளிர்ந்த நிலையில் உச்சியில் இருக்கும் இறுக்கம் சற்றே இளகி, ஐடில் தடுமாறுவது குறைந்து, திராட்டில் கொடுத்தால் முனகாமல் எழும்பத் தொடங்கும். அந்தக் கட்டத்தில்தான் ஹை ஸ்பீடு நீடிலை (வேகத்தில் போகும் எரிபொருளின் அளவை மாற்றும் நீடில்) எட்டில் ஒரு சுற்றாக லீன் செய்துகொண்டே வர வேண்டும். புகை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், வெப்பம் கையேட்டின் வரம்பைத் தாண்டக் கூடாது. அதன் பிறகு லோ ஸ்பீடு நீடில். இன்ஜின் நல்ல சூட்டில் ஐடிலில் இருக்கும்போது கார்புரேட்டருக்கு அருகில் டியூப்பைக் கிள்ளிப் பிடியுங்கள்: வேகம் சற்றே உயர்ந்து 2, 3 விநாடிகளில் நின்றால் சரி, கிள்ளியதுமே நின்றால் லீன், வேகம் ஏறிக்கொண்டே போய் நெடுநேரம் கழித்து நின்றால் ரிச். பிரேக்-இன் முடிவதற்கு முன்பு இந்தச் சோதனையைச் செய்துவிட்டு, "ரிச்சாக இருக்கிறதே" என்று திருத்தப் போகாதீர்கள். அப்போது அது ரிச்சாகத்தான் இருக்க வேண்டும்.

குளிர்ந்த நிலையில் உச்சியில் இறுக்கமே இல்லாமல், தளர்ந்த கையோடு ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே போனால், அந்த ஸ்லீவின் ஆயுள் முடிந்தது. சில டேங்க்களிலேயே இந்த நிலை வந்திருந்தால், ஏர் ஃபில்டரின் வழியாகத் தூசி போயிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் தடவாத ஃபோம் ஃபில்டர் நுண்ணிய மண்ணைத் தடுக்காது, அந்த மண் பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் இடையே உப்புத்தாளின் வேலையைச் செய்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிஸ்டனை நடுவழியில் நிறுத்தி, ஃப்ளைவீலை மிகச் சிறிதாக முன்னும் பின்னும் அசைக்கும்போது, பிஸ்டன் நகர்வதற்கு முன்பே கையில் ஒரு தட்டல் உணரப்பட்டால், கனெக்டிங் ராடின் புஷ் தேய்ந்திருக்கிறது. அதற்கு மேல் ஓட்டாமல் ராடை மாற்றுவது, கிராங்க்கேஸ் முழுவதையும் காப்பாற்றும்.

எரிபொருள் பற்றிய கடைசிக் குறிப்பு இது. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மூடி தளர்ந்து கிடந்த குப்பியிலுள்ள எரிபொருளைக் கொண்டு எந்த இன்ஜினையும் சீராக அமைக்க முடியாது. நேற்று பொருந்திய நீடில் இன்று பொருந்தவில்லை, ஆனால் வெயிலோ குளிரோ பெரிதாக மாறவில்லை என்றால், புதிதாகத் திறந்த குப்பியிலிருந்து ஊற்றிப் பாருங்கள். அதே ஈரம்தான் பேரிங்குகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. நாளின் கடைசி ஓட்டத்துக்குப் பிறகு டேங்கைக் காலிசெய்து, டியூப்பில் எஞ்சியதையும் ஓட்டித் தீர்த்துவிடுங்கள். டேங்கைத் தீரவிடக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இந்த ஒரு கணம் மட்டும் விலக்கு. திராட்டிலைத் தொடாமல் ஐடிலிலேயே நின்றுபோகவிட வேண்டும். பிறகு பிளக் துளையிலும் கார்புரேட்டரின் வாயிலும் சில சொட்டு ஆஃப்டர் ரன் ஆயில் (ஓட்டி முடித்த பின் துருவைத் தடுக்க விடும் எண்ணெய்) விட்டு, சில முறை சுழற்றி, பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்தி வையுங்கள். மெத்தனால் தோல் வழியாகவும் உடலில் ஏறும், உள்ளே போனால் பார்வையைப் பறிக்கும் நஞ்சு. ஆகவே இந்த வேலைகள் எல்லாவற்றையும் கையுறையோடு, திறந்த வெளியில், குழந்தைகளுக்கு எட்டாமல் செய்யுங்கள்.